இரண்டெழுத்துக்குப் பயந்தவன்

சிலருக்குப் பாம்பென்றால் பயம். சிலருக்கு இருட்டு, சிலருக்கு மாமியார். எனக்கு 'சரி' என்ற சொல். சிரிக்காதீர்கள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை இந்த ஒரு சொல் உங்கள் காதில் எத்தனை முறை விழுகிறது என்று ஒரே ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். அப்புறம் சிரிக்கலாம், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

பயம் என்றால் மனதுக்குள் 'திக்' என்று ஆகி அதோடு போய்விடுகிற பயம் இல்லை. யாராவது அந்தச் சொல்லைச் சொன்ன கணமே என் கழுத்து தோளுக்குள் போய்விடும். இரண்டு கையும் தலைக்கு மேல் ஏறும். முழங்கால் மடங்கும். அடுத்து நான் தரையில் குப்புறக் கிடப்பேன். முடிவெட்டும் கடையில் அந்த மனிதர் கத்தரியைக் கையில் எடுத்து, "சரி, தலையைக் கொஞ்சம் குனிங்க" என்றார். அவர் கேட்டதைவிட நிறையவே குனிந்துவிட்டேன். கழுத்தில் கட்டிய துணியோடு நாற்காலிக்கு அடியில் கிடந்தவனை வெளியே இழுத்து, மீதித் தலையை வெட்டி அனுப்பினார். அடுத்த முறை போனபோது கடை மூடப்போவதாகச் சொன்னார். மணி காலை பத்து.

அந்தச் சொல் தனியாகத்தான் வரும் என்றும் இல்லை. செய்தியில் வானிலை வாசிக்கும் பெண் 'சராசரி மழை' என்பாள், நான் சோபாவுக்குப் பின்னால் இருப்பேன். மகளின் பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியை, "பொண்ணு எல்லார்கூடவும் அனுசரிச்சுப் போறா" என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். மகள் என்னைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, "அப்பா ரொம்ப உணர்ச்சிவசப்படுவார் மிஸ்" என்று சமாளித்தாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருட அனுபவம். லிஃப்ட் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் கூண்டின் கூரைமேல் நின்று தண்டவாளத்துக்கு எண்ணெய் போடுவான், கம்பி வடத்தைப் பார்ப்பான். இன்னொருவன் கூண்டுக்குள்ளே பொத்தான் பக்கத்தில் நிற்பான். மேலே இருப்பவன் குரல் கொடுத்தால் உள்ளே இருப்பவன் பொத்தானை அழுத்துவான், கூண்டு அடுத்த மாடிக்கு நகரும். உள்ளே நின்றவன் என் மைத்துனன், என் மனைவியின் ஒரே தம்பி. பதினோரு வருடமாக நாங்கள் ஜோடி.

கம்பெனி விதிப்படி மேலே இருப்பவன் 'மேலே', 'கீழே', 'நில்' என்று மூன்று சொற்களில்தான் பேச வேண்டும். நாங்கள் மேதாவிகள். எந்தப் பக்கம் போகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும், அப்புறம் எதற்கு மூன்று சொல்? ஒரு மாடி வேலை முடிந்ததும் நான் மேலிருந்து 'சரி' என்பேன், அவன் அழுத்துவான். பதினோரு வருடம் அந்த ஒரு சொல்லிலேயே ஓட்டினோம்.

அன்றைக்கு ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம். எட்டாவது மாடி வரை வந்தாயிற்று. ஒன்பதாவதுக்குப் போகும்போது கூரையில் இருப்பவன் குந்தி உட்கார்ந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதற்கு மேலே இடம் அவ்வளவுதான். நான் நின்றுகொண்டிருந்தேன். காதில் போன். மறுபக்கம் என் மனைவி. அவள் ஏதோ சொன்னாள். மனைவி போனில் ஏதோ சொன்னால் ஒரு கணவன் என்ன சொல்வான்?

"சரி" என்றேன்.

கூண்டு கிளம்பிவிட்டது.

குப்புற விழுந்தது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விழுந்தேன், அவ்வளவுதான். கூண்டு ஒன்பதாவதைக் கொஞ்சம் தாண்டிப் போய், அவசர பிரேக் பிடித்து, ஒரு குலுக்கலோடு சிக்கி நின்றது. மேல் விட்டத்துக்கும் என் முதுகுக்கும் நடுவில் காற்றுகூட வரி கட்டித்தான் போக வேண்டும். இரண்டு விலா எலும்பு விரிசல். பிரேக்கைக் கையால் விடுவித்து என்னை இறக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது.

அந்த இருபத்தைந்து நிமிடமும் கீழே கூண்டுக்குள்ளிருந்து மைத்துனன் கத்திக்கொண்டே இருந்தான்: "மாமா, சரியா? மாமா, சரியா இருக்கீங்களா? மாமா, சரியா?"

நான் பதிலே சொல்லவில்லை. 'சரி' என்று சொன்னால் மறுபடி அழுத்திவிடுவானே! 'ஆமா' என்றோ 'இருக்கேன்டா' என்றோ சொல்லியிருக்கலாமே என்று அப்புறம் கேட்காதவர் இல்லை. தரையில் நிற்கிறவர்களுக்கு நிறையச் சொற்கள் ஞாபகம் இருக்கும். எனக்கு அப்போது தமிழில் அந்த ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது, அதைத்தான் பல்லைக் கடித்து உள்ளேயே வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் மைத்துனன் பார்க்க வந்தான். முகம் வீங்கியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "கவலைப்படாதீங்க மாமா, எல்லாம் சரியாயிடும்" என்றான். நான் சலைன் பாட்டிலோடு கட்டிலின் மறுபக்கம் உருண்டேன். கீழே கிடந்தபடியே, "இனி என் முகத்துல முழிக்காதே" என்று கத்தினேன். அவன் போனான். அதன்பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

விலா எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. சொல் மட்டும் போகவில்லை.

வீட்டில் அதற்குத் தடை போட்டாயிற்று. மகளுக்குப் பதினாறு வயது, கொழுப்பு கொஞ்சம் அதிகம். "கதவைச் சாத்து" என்றால் "அப்படியே ஆகட்டும் தந்தையே" என்பாள். "பாடத்தைப் படி" என்றால் "ஆமோதிக்கிறேன், ஆனால் ஒத்திவைக்கிறேன்" என்பாள். மனைவி எல்லாவற்றுக்கும் 'ம்' என்றாள். கோபத்துக்கு ஒரு 'ம்', சம்மதத்துக்கு ஒரு 'ம்', நீ என்னமோ பண்ணு என்பதற்கு ஒரு நீளமான 'ம்ம்'. எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் கேட்டது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர் கண்ணில் கண்ணாடியை மாட்டி, "இப்ப சரியா தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் அவள் பிழைப்பு. அந்தத் தெருப்பக்கமே நான் போவதில்லை.

கம்பெனியில் என்னை உதிரிபாக அறையில் உட்கார வைத்திருந்தார்கள். நட்டை ஒரு டப்பாவிலும் போல்ட்டை ஒரு டப்பாவிலும் போட வேண்டும். ஏழு மாதம் போட்டேன். பிறகு ஒரு நாள் மேலாளர் கூப்பிட்டு, எட்டி நின்று பேசினார், அவருக்கும் என்னைத் தூக்கிவிட்டு முதுகு பிடித்திருந்தது. "உங்க மைத்துனருக்கு ஜோடி இல்ல. வேற யார்கூடவும் வேலை செய்ய மாட்டேங்கிறார். அடுத்த மாசக் கடைசிக்குள்ள நீங்க மறுபடி கூரையில ஏறலன்னா, அவரைத் தூரத்துக் கிளைக்கு மாத்திடுவோம். ரயில்ல ரெண்டு நாள் ஆகும்."

வீட்டுக்கு வந்து, "போகட்டும், நல்லதுதான்" என்றேன். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த என் சட்டையை மடிக்காமல் அப்படியே கீழே வைத்தாள்.

"எனக்கு இருக்கிறது ஒரே தம்பி" என்றாள். "நாளைக்குப் பத்து மணிக்கு ஆலோசகரைப் பாக்கப் போறீங்க. பேர் குடுத்தாச்சு."

"எனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியம் இல்ல. எட்டு மாசமா சோபாவுக்குப் பின்னாடி குடியிருக்கீங்க. போய்ட்டு வாங்க."

மனநல ஆலோசகரின் அறை ஒரு தையல் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, சுவரில் சத்தமே போடாத கடிகாரம். கதவைத் தட்டினேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, முகம் மலர்ந்து சொன்ன முதல் சொல்:

"சரி, உள்ள வாங்க."

உள்ளே போனேன். நேராக மேசைக்கு அடியில்.

யாராவது அவமானப்படுத்துவார்கள் என்று எதிர்பார்த்துக் கிடந்தேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் எனக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன பிரச்சினைன்னு கேக்கிற வேலை எனக்கு மிச்சம்" என்றார். "நாலு வருஷமா இந்த மேசைல உக்காந்திருக்கேன், அடியில வந்ததே இல்ல. யாரோ சூயிங்கம் ஒட்டிட்டுப் போயிருக்காங்க, பாருங்க."

பார்த்தேன். மூன்று இருந்தது.

அன்றைக்கு முழுக்கத் தரையில்தான் பேசினோம். நான் நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னேன்: கூரையில் நின்றேன், 'அந்தச் சொல்லை'ச் சொன்னேன், முட்டாள் அழுத்திவிட்டான், விலா போயிற்று.

"அன்னைக்கு உங்க உடம்பு உங்களைக் காப்பாத்துச்சு" என்றார் அவர். "யோசிச்சு விழலையே நீங்க? அதுவா விழ வெச்சது. அதனாலதான் இப்ப இங்க உக்காந்து பேசறீங்க. ஆனா ஆபத்து முடிஞ்சதுன்னு அதுக்கு யாரும் போய்ச் சொல்லல. அது இன்னும் டியூட்டிலயே இருக்கு."

இது எனக்குப் புரிந்தது. அவசரத்துக்குப் பிடிக்கிற பிரேக், கூண்டைக் காப்பாற்றிய பிறகு யாராவது போய் விடுவித்தால்தான் விடும். பிடித்தது பிரேக்கின் குற்றமில்லை. எட்டு மாதத்தில் என்மேல் தப்பில்லாத மாதிரி பேசிய முதல் ஆள் அந்த அம்மாதான். எனக்குக் கண் கலங்கியது, தூசி என்று சொல்லிவைத்தேன். மேசைக்கு அடியில் தூசி இருந்ததும் உண்மைதான்.

அடுத்த வாரம் நெஞ்சு படபடக்கும்போது என்ன செய்வது என்று கற்றுக்கொடுத்தார். மூச்சை மெதுவாக விட வேண்டும், கண்ணில் படுகிற ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"சொல்லுங்க பாக்கலாம்."

"ஃபேன். அதுல ஒரு ஸ்க்ரூ கழண்டிருக்கு. கதவு. மேல் கீல் தேஞ்சுபோச்சு. ஜன்னல், கொக்கி இல்ல. சுவிட்ச் போர்டு, மூடி சரிய..." அந்தப் பாதிச் சொல்லுக்கே எனக்குக் கை மேலே போய்விட்டது. கீழே இறக்கிவிட்டு, "உங்க நாற்காலி" என்று முடித்தேன். "அது அந்த ஃபேனுக்கு நேர் கீழ இருக்கு."

அந்த அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் ஸ்க்ரூடிரைவர் எடுத்துப்போனேன். அறை பழுதுபார்த்து முடிந்தபோது என் படபடப்பும் பாதியாகிவிட்டிருந்தது. இது அவர் படித்த படிப்பில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு காகிதத்தில் பத்துக் கோடு போட்டார். "பயத்தோட ஒரேயடியா மோத வேண்டாம். கீழேருந்து படிப்படியா ஏறுவோம்."

"மேடம், நான் லிஃப்ட் மெக்கானிக். என்கிட்டப் போய் படிப்படியாங்கிறீங்களே."

"இதுக்கு லிஃப்ட் இல்லைங்க."

முதல் படி, அந்தச் சொல்லைக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பது. இரண்டாவது, இரண்டு எழுத்தையும் தனித்தனியாகக் கேட்பது. மூன்றாவது, 'சராசரி'. இப்படியே போய் ஏழாவது, வீட்டில் யாராவது முன்னறிவிப்பு இல்லாமல் சொல்வது. பத்தாவது படியைப் படித்தேன்: 'லிஃப்ட் கூரையில் நின்று, மைத்துனர் கூண்டுக்குள் இருக்கும்போது, நானே சொல்வது.'

"இதை அடிச்சுடுங்க" என்றேன்.

"பென்சில்லதான் எழுதியிருக்கேன். ஒன்பது வரைக்கும் போயிட்டு வாங்க, அழிச்சுக்கலாம்."

வீட்டில் பயிற்சி நடந்தது. மகள் சமையலறையிலிருந்து, "ச" என்பாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். ஒரு நிமிடம் கழித்து, "ரி" என்பாள். இரண்டுக்கும் நடுவில் வேண்டுமென்றே மூச்சுவிட்டுக் காக்கவைப்பாள், திகில் படம் எடுக்கிறவர்கள் அவளிடம் பாடம் படிக்கலாம். மூன்று வாரத்தில் வானிலைச் செய்தியை முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். சராசரிக்கும் கீழே மழை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மகள் கைதட்டினாள்.

ஆனால் ஏழாவது படியில் சிக்கிக்கொண்டேன். மகள் சொல்லவந்தால் அவள் சிரிப்பே முன்னறிவிப்பு ஆகிவிடும், மனைவியோ சொல்லவே மறுத்தாள். "என் வாயால வராது" என்றாள், போய்விட்டாள். எனக்குப் பயமென்றால் இவளுக்கு என்ன வந்தது?

இதை ஆலோசகரிடம் சொன்னபோது அவர் பேச்சை மாற்றினார். "அன்னைக்கு நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க. இப்ப நடக்கிற மாதிரி, ஒண்ணு விடாம."

அது ஆறாவது முறை. நாலு வாக்கியம் இப்போது அரை மணி நேரமாக வளர்ந்திருந்தது. எண்ணெய் டப்பா எந்தக் கையில் இருந்தது என்பதுவரை சொன்னேன். "போன் வருது. எடுக்கிறேன். வீட்டுக்காரி பேசுறா. நான் அந்தச் சொல்லைச் சொல்றேன். அவன் அழுத்..."

"இருங்க. வீட்டுக்காரம்மா என்ன சொல்றாங்க?"

"ஏதோ சொல்றா."

"ஏதோன்னா?"

"ஏதோங்க. அவ சொல்லுவா, நான் அதைச் சொல்லுவேன். வீட்டுக்கு வீடு அப்படித்தானே."

"எண்ணெய் டப்பா இடது கையில இருந்ததுன்னு ஞாபகம் இருக்கு. அவங்க சொன்னது ஞாபகம் இல்ல?"

தேடிப் பார்த்தேன். அந்த இடத்தில் என் ஞாபகம் வெறுமையாக இருந்தது. மறந்துபோன வெறுமை இல்லை, ஆரம்பத்திலிருந்தே அங்கே எதுவும் நுழைந்திருக்கவில்லை.

"வீட்ல கேட்டுட்டு வாங்க" என்றார் அவர்.

மறுநாள் விடுமுறை. மனைவி சமையலறையில் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். மறுபடி கேட்டேன். "அதான் ஒண்ணுமில்லன்னேனே." மூன்றாவது முறை கேட்டபோது தட்டைக் கீழே வைத்தாள்.

"தம்பிக்கு ரெண்டு நாளா ஜுரம். காது ரெண்டும் அடைச்சுக் கிடந்துச்சு. சொன்னா கேக்காம, உங்ககிட்டயும் மறைச்சுட்டு வேலைக்குக் கிளம்பிட்டான். எனக்கு மனசு கேக்கல. உங்களுக்குப் போன் போட்டேன். இன்னைக்கு அவனை பட்டன் பக்கம் நிக்க விடாதீங்க, உடனே வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னேன்." என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க 'சரி'ன்னீங்க. நான் நம்பி, நிம்மதியா போனை வெச்சேன்."

பத்து மாதமாக அவனை நான் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

"ஏன் சொல்லல?"

"விலா ஒடைஞ்சு படுத்திருக்கிற மனுஷன்கிட்டப் போய், தப்பு உங்க பேர்லன்னு யாராவது சொல்லுவாங்களா? அப்புறம்..." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் அந்த நேரம் பார்த்துப் போன் பண்ணலன்னா நீங்க அதைச் சொல்லியிருக்கவே மாட்டீங்க. அதுவும் இருக்கு. அதுல இருந்து உங்களுக்கு நான் போனே பண்றதில்ல. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்தேன். இதை அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், நல்லவேளை சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய இருபது வருடப் பேச்சுக்கு நான் போட்ட 'சரி'களில் எத்தனை காலி டப்பா என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. அவள் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள், நான் இன்னும் முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கே மைத்துனனைப் பார்க்கப் போனேன். அவன் வீடு ஐந்தாவது மாடி. கீழ்த்தளத்தில், லிஃப்ட்டுக்கு எதிரே இருந்த படியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தான். இளைத்துப் போயிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, திரும்பி ஓடப் பார்த்தான். பின்னால் சுவர்.

"இங்க என்னடா பண்ற?"

"லிஃப்ட் வரட்டும்னு, மாமா."

"பட்டனை அழுத்தினாத்தானே வரும்?"

அவன் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தான். பிறகு அதை மற்றக் கைக்குள் மறைத்துக்கொண்டான். "யாராவது வருவாங்க. அவங்க அழுத்துவாங்க."

பத்து மாதமாக அவன் ஒரு பொத்தானையும் அழுத்தவில்லை. லிஃப்ட் பொத்தான் இல்லை, அழைப்பு மணி இல்லை, டிவி ரிமோட்கூட இல்லை. அவன் மனைவி எந்தச் சேனல் வைக்கிறாளோ அதுதான். அறுபத்தேழு பகுதி சமையல் நிகழ்ச்சி பார்த்திருக்கிறான்.

"படியில ஏறிப் போகலாமேடா?"

"லிஃப்ட் மெக்கானிக் படியில ஏறினா மனுஷங்க என்ன நினைப்பாங்க?"

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இருபத்தஞ்சு நிமிஷம், மாமா" என்றான் திடீரென்று. "கத்திக்கிட்டே இருந்தேன். நீங்க ஒரு வார்த்தை பேசல. என் கையாலயே உங்களைக் கொன்னுட்டேன்னு நெனச்சேன். அக்காகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

மேலே படுத்துக்கொண்டு என் உயிரைப் பற்றி மட்டும் யோசித்தவன் நான். எனக்குக் கீழே இரண்டடியில் ஒருவன் அதைவிடப் பெரிய கொடுமையை அனுபவித்திருக்கிறான், அது எனக்குத் தோன்றவே இல்லை.

"பேசினா நீ மறுபடி அழுத்திடுவேன்னு பயந்தேன்டா."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். யார் முதலில் சிரித்தது என்று சொல்ல முடியாது. சிரித்து, அது எங்கே அழுகையாக மாறியது என்றும் சொல்ல முடியாது. அக்கா போனில் சொன்னதை அவனிடம் சொன்னேன். "தப்பு என்னோடதுடா."

"இல்ல மாமா, ஜுரத்தை மறைச்சது நான்தானே? காது அடைப்புல நீங்க போன்ல பேசறது தெரியல, அந்த ஒரு சொல்லுதான் கேட்டுச்சு."

"காதுல வாங்காம தலையாட்டினது நான்."

"அழுத்தினது நான்!"

"நான் சொன்னதாலதானேடா அழுத்தின?"

இப்படி நாங்கள் தப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது மூன்றாவது மாடிக்காரர் வந்தார், பொத்தானை அழுத்தினார், லிஃப்ட் வந்தது, எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஏறிப் போய்விட்டார். அதைத் தவறவிட்ட வருத்தத்தில் மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் எழுந்து அவனுக்காகப் பொத்தானை அழுத்தினேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஆலோசகரிடம் இரண்டு பேரும் போனோம். அவனுக்கும் பத்துப் படி போட்டார். முதல் படி, சட்டைப் பொத்தான். "அதைத் தினமும் போடறேனே" என்றான். "அப்ப ஒரு படி ஏறியாச்சு" என்றார். அவனுக்காகவே அறைவாசலில் அழைப்பு மணி வைக்கச் சொன்னார், வைத்தது நான். நாலு நாள் மணிக்கு எதிரே நின்றுவிட்டு, ஐந்தாவது நாள் அழுத்தினான். அந்தச் சத்தத்தில் கீழே தையல் கடைக்காரர் விரலில் ஊசியைக் குத்திக்கொண்டார். உள்ளேயிருந்து நாங்கள் இரண்டு பேரும் கைதட்டினோம்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதே ஒன்பது மாடிக் கட்டடத்துக்குப் போனோம். விடுமுறை நாள், ஆள் நடமாட்டம் இல்லை. மேலாளர் சாவியைக் கொடுத்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றுவிட்டார். எட்டாவது மாடி வாசலில் ஆலோசகர், கண்ணை மறைக்கிற அளவுக்குப் பெரிய ஹெல்மெட்டோடு. பக்கத்தில் என் மனைவி. என் போன் அவள் கைப்பைக்குள். அவள் கையில் அந்தப் பென்சில் காகிதம், பத்தாவது படி இன்னும் அழியாமல் இருந்தது.

ஏழாவது மாடியில் கூரைமேல் ஏறினேன். எண்ணெய் வாசனை. ஐந்து பொருள் சொன்னேன்: வடம், தண்டவாளம், விளக்கு, என் பூட்ஸ், விட்டம். விட்டத்தைச் சொல்லும்போது குரல் கிறீச்சிட்டது. ஆனால் சொன்னேன்.

"மேலே" என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே அவன் மூச்சுவிடுவது கேட்டது. அவசரப்படுத்தவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு கூண்டு மெல்ல நகர்ந்தது, எட்டாவது மாடிக்கு வந்தது.

"நில்."

நின்றது. அன்றைக்கு நான் நின்ற அதே இடம். தலைக்கு மேலே அதே விட்டம். வாசல் இடுக்கு வழியாக மனைவியின் முகம் தெரிந்தது, கண்ணை இறுக மூடியிருந்தாள்.

கீழேயிருந்து அவன் குரல் வந்தது. பத்து மாதத்துக்கு முன்னால் வந்த அதே கேள்வி, இந்த முறை கத்தவில்லை, பயந்து பயந்து கேட்டான்.

"மாமா... சரியா?"

கழுத்து தோளுக்குள் போனது. கை தலைவரை போனது. முழங்கால் பாதி மடங்கியது. அங்கேயே நிறுத்தி, மூச்சை மெதுவாக விட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்கினேன். அவனுக்கு நான் தர வேண்டிய பதில் ஒன்று பாக்கியிருந்தது. முழு உயரத்துக்கு நிமிர்ந்து நின்றுகொண்டு சொன்னேன்.

"சரிடா."

கூண்டு நகரவில்லை.

இன்னொரு முறை சொன்னேன், இன்னும் சத்தமாக. "சரியா இருக்கேன்டா!" கூண்டு அப்படியே கல்லாக நின்றது. உள்ளே மைத்துனன் ஹோவென்று அழ ஆரம்பித்தான். ஆலோசகர் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக் கைதட்டினார், அது மறுபடி அவர் கண்ணை மூடிக்கொண்டது.

அந்த அமர்க்களத்தில் மனைவி வாசலிலிருந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். பழக்கம், நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"என்ன சொன்ன?" என்றேன். "காதுல விழல. இன்னொரு தடவை சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "சாயங்காலம் தம்பியையும் சாப்பிடக் கூட்டிட்டு வாங்கன்னேன்."

முழுதாகக் கேட்டுவிட்டு, சரி என்றேன்.